இணைப்பு கிடைக்கவில்லை: டேட்டாபேஸ் பிழையை எங்கிருந்து தேடுவது

இரவு பதினொன்றரை இருக்கும். படுக்கப் போகும் முன் ஒரு சின்ன வேலையை முடித்துவிடலாம் என்று என் தளத்தின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றினேன். நான்கு வருடமாக ஒரே பாஸ்வேர்டு. என்றைக்கோ மாற்றியிருக்க வேண்டியது. சர்வரில் மாற்றி, கான்ஃபிக் கோப்பிலும் மாற்றிவிட்டுப் பக்கத்தை ரீலோடு செய்தேன். ‘மன்னிக்கவும், தளம் தற்போது இயங்கவில்லை. சிறிது நேரம் கழித்து வரவும்’ என்று வந்தது.

அந்த வாசகத்தை எழுதியதே நான்தான். ஏதோ ஒரு காலத்தில், வருகிறவர்கள் பயந்துவிடக் கூடாது என்று நல்ல மனதோடு எழுதியது. இணைப்பு ஏற்படுத்தும் வரிக்கு முன்னால் ஒரு @ குறியையும் போட்டு வைத்திருந்தேன். தளம் எழுதப்பட்ட பிஎச்பி மொழியில் அந்தக் குறி பிழைச் செய்தியை வாயைப் பொத்தி உட்கார வைத்துவிடும். ஆக, சர்வர் என்ன சொன்னது என்று எனக்கே தெரியாமல் நானே வழியை அடைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தட்டினேன், சர்வரை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தேன். விடை லாகில், அதாவது பிழைகளைக் குறித்து வைக்கும் பதிவுக் கோப்பில், ஒரு வரியாக இருந்திருக்கும், நான் அனுமதித்திருந்தால்.

பல வருடமாகச் சின்னதும் பெரியதுமாகப் பிஎச்பி ஸ்கிரிப்டுகளைக் கட்டி மேய்க்கிறேன். டேட்டாபேஸ் இணைப்புப் பிழை வந்தால் இன்றைக்கு நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி என்ற இரண்டு டேட்டாபேஸ் சர்வர்களுக்கும் பொருந்தும். போஸ்ட்கிரஸ் வைத்திருப்பவர்களுக்குப் பிழை எண்கள் மாறும், தேடும் வரிசை அதேதான்.

முதலில் செய்தியைப் பேச விடுங்கள்

ஸ்கிரிப்டில் இணைப்பு வரிக்கு முன் @ இருக்கிறதா பாருங்கள், இருந்தால் எடுங்கள். ‘ஆர் டை’ (தோற்றால் இதைக் காட்டிவிட்டு நில்) என்று போட்டு உங்கள் சொந்த வாசகத்தை மட்டும் காட்டியிருந்தால், உண்மையான செய்தியை லாகில் எழுதும்படி மாற்றுங்கள். டிரை, கேட்ச் போட்டுப் பிழையைப் பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டிருப்பதும் இதே குற்றம்தான்.

திரையில் வெறும் வெள்ளைப் பக்கமோ 500 என்ற எண்ணோ மட்டும் வந்தால், பிஎச்பி எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 8.1 முதல், பிஎச்பியை மைஎஸ்க்யூஎல்லோடு இணைக்கும் மைஎஸ்க்யூஎல்ஐ நீட்சி, இணைப்பு தோற்றவுடன் எக்செப்ஷன் எறியும்; அதைப் பிடிக்க ஆளில்லாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். அதற்கு முன் ஓர் எச்சரிக்கையோடு ‘ஃபால்ஸ்’ மட்டும் கொடுக்கும். பழைய ஸ்கிரிப்டில் ‘இணைப்பு இல்லையென்றால்’ என்று அடுத்த வரியில் இஃப் போட்டிருப்போம். புதிய பதிப்பில் அந்த வரிக்கு ஓட்டம் வந்து சேரவே சேராது. ஹோஸ்டிங்கில் பிஎச்பி பதிப்பைத் தானாக ஏற்றிவிட்ட மறுநாள் காலை இது நடக்கும்.

அப்புறம், எக்செப்ஷனை அப்படியே திரையில் கொட்டாதீர்கள். ஸ்டாக் டிரேஸில் (பிழை எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்ற பட்டியலில்) இணைப்புக்குக் கொடுத்த மதிப்புகளும் வரலாம், பாஸ்வேர்டு உட்பட. பிஎச்பி 8.2 முதல்தான் பாஸ்வேர்டு அதில் தானாக மறைக்கப்படுகிறது. அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள் லாகை மட்டும் நம்புங்கள்.

ஐந்து வரிச் சோதனை ஸ்கிரிப்ட்

பிழையைப் பெரிய ஸ்கிரிப்டுக்குள் வைத்துத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான். தனியாக ஒரு கோப்பு எடுங்கள். முதல் வரியில் எல்லாப் பிழையையும் காட்டச் சொல்லுங்கள். அடுத்த வரியில் உங்கள் கான்ஃபிக் கோப்பை உள்ளிழுங்கள். ஹோஸ்ட், யூசர், டேட்டாபேஸ் மூன்றையும் ‘வார்_எக்ஸ்போர்ட்’ கொண்டு அச்சிடுங்கள். அது மேற்கோள் குறிகளோடு காட்டும் என்பதால் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்ட வெற்றிடம் இருந்தால் தெரிந்துவிடும். பாஸ்வேர்டை அச்சிட வேண்டாம். ‘எஸ்டிஆர்லென்’ போட்டு அதன் நீளத்தை மட்டும் அச்சிடுங்கள். கடைசியாக இணைத்துப் பார்த்து, இணைந்தால் சர்வரின் பதிப்பு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். கோப்புக்கு யாரும் ஊகிக்க முடியாத பெயராக வையுங்கள்.

இதை பிரௌசர் வழியாகவே ஓட்டிப் பாருங்கள். டெர்மினலில் ஓடும் பிஎச்பி வேறு யூசராக, பல சமயம் வேறு பிஎச்பி.ஐஎன்ஐ அமைப்புக் கோப்போடு ஓடும். ‘டெர்மினலில் வேலை செய்கிறது, பிரௌசரில் வேலை செய்யவில்லை’ என்பது இந்த வித்தியாசம்தான். ரெட்ஹேட் குடும்ப சர்வர்களில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கும் இதே மாதிரி விளையாடும்: வெப் சர்வர் வேறொரு கணினியின் டேட்டாபேஸுக்குப் போவதைத் தடுக்கும், உங்களை டெர்மினலில் தடுக்காது.

இனி பிழைச் செய்தியோடு வந்த எண்ணைப் படிக்கலாம். ஸ்கிரிப்டின் வேண்டுகோள் எவ்வளவு தூரம் போய்த் திரும்பியது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 2000 வரிசையில் என்றால் உங்கள் பக்கத்தில் இருக்கும் கிளையண்ட் நூலகம் பேசுகிறது. பெரும்பாலும் சர்வரைப் போய்ச் சேரவே முடியவில்லை, அல்லது சேர்ந்தபின் பேச்சு அறுந்துவிட்டது. 1000 வரிசையில் என்றால் சர்வரே பதில் சொல்லியிருக்கிறது. 1045 வந்தபின் ஃபயர்வாலைக் குடைவதும், 2002 வந்தபின் பாஸ்வேர்டை மாற்றுவதும் வீண் வேலை. என்னுடைய அந்த இரவு மாதிரி.

2002: வாசல் வரைக்கும் போகவில்லை

பிஎச்பியில் 2002 என்பது ஒரு குடைப் பெயர். பின்னால் வரும் சொற்களைப் படித்தால்தான் பயன்.

‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வந்தால் பலரும் ஸ்கிரிப்ட் கோப்பு எதையோ காணோம் என்று தேடப் போவார்கள். காணாமல் போனது சாக்கெட் கோப்பு. லினக்ஸில் ஹோஸ்ட் பெயராக ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று கொடுத்தால் பிஎச்பி நெட்வொர்க் வழியாகப் போவதே இல்லை; யூனிக்ஸ் சாக்கெட் என்ற ஒரு கோப்பைத் தேடும். 127.0.0.1 என்று கொடுத்தால் நெட்வொர்க் (டிசிபி) வழியாக, மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான 3306 போர்ட்டுக்குப் போகும். பார்க்க ஒரே பொருள், வழி இரண்டு. எனவே முதல் சோதனை: லோக்கல்ஹோஸ்டை எடுத்துவிட்டு 127.0.0.1 போட்டுப் பாருங்கள். இணைந்துவிட்டால் சர்வர் உயிரோடு இருக்கிறது, பிஎச்பி தேடும் இடத்தில் சாக்கெட் இல்லை, அவ்வளவுதான். டெபியன், உபுண்டுவில் அது /வார்/ரன்/மைஎஸ்க்யூஎல்டி என்ற அடைவில் இருக்கும். ரெட்ஹேட் வகையில் /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல் அடைவில். சர்வர் அமைப்பில் உள்ள பாதையும் பிஎச்பி.ஐஎன்ஐயில் உள்ள பாதையும் ஒன்றாக வேண்டும்.

இதில் ஒரு கிளைக் கதையும் உண்டு. லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டுவிட்டு போர்ட் எண்ணை 3307 என்று மாற்றி, ‘நான் தவறான போர்ட் கொடுத்தும் வேலை செய்கிறதே’ என்று ஒரு நண்பர் வியந்தார். சாக்கெட் வழியாகப் போகும்போது போர்ட்டை யாரும் பார்ப்பதில்லை. அவர் இரண்டு மைஎஸ்க்யூஎல் வைத்துக்கொண்டு, இரண்டாவதில் எழுதுவதாக நினைத்து முதலாவதில் எழுதிக்கொண்டிருந்தார்.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் அந்தக் கணினி இருக்கிறது, அந்தப் போர்ட்டில் யாரும் காது கொடுக்கவில்லை. மைஎஸ்க்யூஎல் ஓடுகிறதா என்று ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ போட்டுப் பாருங்கள். நின்றிருந்தால் உடனே எழுப்பாதீர்கள். ஏன் நின்றது என்று லாகைப் பாருங்கள். நான் கண்டவரையில் இரண்டு காரணங்கள்தான் அடிக்கடி: டிஸ்க் நிரம்பியிருக்கும், அல்லது நினைவகம் போதாமல் லினக்ஸ் கெர்னலே மைஎஸ்க்யூஎல்லைக் கொன்றிருக்கும். சின்ன சர்வரில் அதிக நினைவகம் தின்பது டேட்டாபேஸ் என்பதால் முதல் பலி அதுவாகத்தான் இருக்கும். காரணத்தைப் பார்க்காமல் எழுப்பினால் நாளை இதே நேரம் மறுபடி விழும்.

ஓடுகிறது, ஆனாலும் வேறு கணினியிலிருந்து ரெஃப்யூஸ்டு என்றால் ‘பைண்ட்-அட்ரஸ்’ அமைப்பைப் பாருங்கள். 127.0.0.1 என்று இருந்தால் சர்வர் தன் கணினிக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே காது கொடுக்கும்.

‘டைம்டு அவுட்’ வேறு ரகம். மறுப்பும் இல்லை, பதிலும் இல்லை, அரை நிமிடம் ஒரு நிமிடம் சுழன்றுவிட்டு நிற்கும். இது பெரும்பாலும் ஃபயர்வால், அல்லது தவறான ஐபி. மறுப்பு சட்டென்று வந்தால் சேவையைச் சந்தேகியுங்கள், இழுத்தடித்தால் பாதையைச் சந்தேகியுங்கள்.

‘கெட்அட்ர்இன்ஃபோ ஃபெயில்டு’ என்றால் ஹோஸ்ட் பெயரே ஐபியாக மாறவில்லை. எழுத்துப்பிழை, அல்லது பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ். புரோகிராம்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் அடைத்து ஓட்டும் டாக்கரில் இது வேறு உருவில் வரும். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரே. டேட்டாபேஸ் பக்கத்துக் கன்டெய்னரில் இருக்கிறது. கம்போஸ் கோப்பில் அந்தச் சேவைக்கு என்ன பெயர் வைத்தீர்களோ அதுதான் ஹோஸ்ட் பெயர். போர்ட்டும் கன்டெய்னருக்குள் உள்ள 3306தான், வெளியே மாற்றிக் காட்டிய எண் இல்லை.

1045: ஆள் அடையாளம் சரியில்லை

நான் அதிக நேரம் தொலைத்தது இந்த எண்ணில்தான். செய்தி இப்படி இருக்கும்: ‘ஆக்சஸ் டினைடு ஃபார் யூசர்’, பிறகு யூசர் பெயர், @, ஒரு ஹோஸ்ட், கடைசியில் அடைப்புக்குறிக்குள் ‘யூசிங் பாஸ்வேர்டு: எஸ்’ அல்லது ‘நோ’. ஒவ்வொரு துண்டும் ஒரு துப்பு.

கடைசித் துண்டிலிருந்து தொடங்குங்கள். ‘எஸ்’ என்றால் பாஸ்வேர்டு சரி என்று பொருளில்லை; ஏதோ ஒன்று அனுப்பப்பட்டது, அவ்வளவே. ‘நோ’ என்றால் காலியாகப் போயிருக்கிறது. நீங்கள் கான்ஃபிக்கில் பாஸ்வேர்டு எழுதியிருந்தும் ‘நோ’ வந்தால், அந்தக் கோப்பை ஸ்கிரிப்ட் படிக்கவே இல்லை. கோப்பு வேறு அடைவில் இருக்கலாம், மாறியின் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருக்கலாம், ஃபங்ஷனுக்குள் இருந்துகொண்டு வெளியில் உள்ள மாறியைக் கூப்பிட்டிருக்கலாம். லாரவெல் மாதிரி ஃப்ரேம்வொர்க் என்றால் பழைய கான்ஃபிக்கின் கேஷ் (சேமித்து வைத்த நகல்) இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அதை அழித்தபின் மறுபடி பாருங்கள்.

என் விஷயத்தில் ‘எஸ்’தான் வந்தது, @ குறியை எடுத்த பிறகு. பாஸ்வேர்டு 17 எழுத்து. சோதனை ஸ்கிரிப்டில் நீளத்தை அச்சிட்டபோது 9 என்றது. மீதி எட்டு எழுத்து எங்கே போனது?

டாலர் குறி விழுங்கியது. கான்ஃபிக்கில் பாஸ்வேர்டை இரட்டை மேற்கோளுக்குள் எழுதியிருந்தேன். பிஎச்பியில் இரட்டை மேற்கோளுக்குள் $ குறியும் அதை ஒட்டி எழுத்தும் வந்தால் அது ஒரு மாறி. பாஸ்வேர்டு "மழை$கடல்42" என்று வைத்துக்கொள்ளுங்கள். $கடல்42 என்று ஒரு மாறியைத் தேடும். அப்படி எதுவும் இல்லை. அந்த இடத்தில் வெறுமை. சர்வருக்குப் போய்ச் சேர்வது "மழை" மட்டும். (பிஎச்பி தமிழ் எழுத்தையும் மாறிப் பெயரில் ஏற்கும், எனவே இந்த உதாரணம் அச்சு அசலாக இப்படியே நடக்கும்.) ஒற்றை மேற்கோளுக்கு மாற்றினேன், தளம் எழுந்தது. ‘வரையறுக்கப்படாத மாறி’ என்ற எச்சரிக்கை அன்றிரவு முழுக்க லாகில் கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

பாஸ்வேர்டில் உள்ள குறிகள் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி கடிக்கும். ஐஎன்ஐ கோப்பில் அரைப்புள்ளிக்குப் பின் உள்ளது குறிப்பாகிவிடும். என்வ் (.env) கோப்பில் மேற்கோள் இல்லாமல் எழுதினால் # குறியிலிருந்து சில நூலகங்கள் வெட்டிவிடும். இணைப்பை யூஆர்எல் வடிவில் எழுதுகிறீர்கள் என்றால் பாஸ்வேர்டில் உள்ள @ குறியை %40 என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஹோஸ்ட் பெயர் அங்கே தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும். நான் இப்போதெல்லாம் டேட்டாபேஸ் பாஸ்வேர்டில் எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்து நீளத்தைக் கூட்டிவிடுகிறேன். 30 எழுத்து இருந்தால் குறி இல்லாததால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

பாஸ்வேர்டு முழுசாகப் போகிறது, ஆனாலும் 1045 என்றால் நடுத்துண்டைப் பாருங்கள்: @ குறிக்குப் பின் உள்ள ஹோஸ்ட். நீங்கள் எங்கிருந்து வருவதாக சர்வருக்குத் தெரிகிறதோ அது அங்கே இருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் கணக்கு என்பது யூசர் பெயர் மட்டும் இல்லை. பெயரும் ஹோஸ்டும் சேர்ந்ததுதான் ஒரு கணக்கு. ‘கடை’ என்ற யூசரை லோக்கல்ஹோஸ்டுக்கு உருவாக்கிவிட்டு வேறு சர்வரிலிருந்து வந்தால் அது வேற்றாள். பல சமயம் 1130 என்ற எண்ணும் வரும்: அந்த ஹோஸ்டிலிருந்து யாருக்குமே அனுமதி இல்லை என்று பொருள்.

இதில் ஒரு பழைய பொறி இருக்கிறது. எல்லா இடத்திலிருந்தும் வரலாம் என்று % போட்டுக் கணக்கு உருவாக்கியிருப்பீர்கள். வெளியிலிருந்து வேலை செய்யும், அதே கணினியிலிருந்து மறுக்கும். காரணம், பெயரே இல்லாத அநாமதேயக் கணக்கு ஒன்று லோக்கல்ஹோஸ்டுக்கு இருக்கும். சர்வர் குறிப்பான ஹோஸ்டைத்தான் முதலில் பொருத்திப் பார்க்கும், % கடைசி. உங்களை அந்த அநாமதேய ஆளாக நினைத்து அதன் பாஸ்வேர்டோடு ஒப்பிட்டு விரட்டிவிடும். மைஎஸ்க்யூஎல் 5.7 முதல் இப்படிக் கணக்கு தானாக உருவாவதில்லை, ஆனால் பழைய சர்வரிலிருந்து இழுத்து வந்த அமைப்புகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள்.

ரூட் கணக்கை வைத்து ஸ்கிரிப்ட் ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: வேண்டாம். உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் நிறுவினால் ரூட் கணக்கு பாஸ்வேர்டையே பார்ப்பதில்லை, இயங்குதளத்தில் ரூட்டாக இருப்பவரை மட்டும் உள்ளே விடும். வெப் சர்வர் வேறு யூசர். நீங்கள் என்ன பாஸ்வேர்டு கொடுத்தாலும் 1045 அல்லது அதன் தம்பி 1698தான். தளத்துக்கென்று ஒரு யூசர், அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமை, அது போதும்.

சட்டென்று தீரும் சில

1049 என்றால் அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இல்லை. 1044 என்றால் உள்ளே வந்துவிட்டீர்கள், அந்த டேட்டாபேஸுக்கு உரிமை இல்லை. சிபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள ஹோஸ்டிங்கில் இரண்டுக்கும் வழக்கமான காரணம் உண்டு: உங்கள் கணக்குப் பெயரும் ஓர் அடிக்கோடும் டேட்டாபேஸ் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும், யூசர் பெயருக்கும் அப்படித்தான். அதையும் சேர்த்து எழுத வேண்டும். யூசரை உருவாக்கினால் மட்டும் போதாது, அவரை டேட்டாபேஸோடு சேர்க்கும் மூன்றாவது படி ஒன்று இருக்கிறது. அதை மறக்காதவர்கள் குறைவு. லினக்ஸில் டேட்டாபேஸ் பெயரின் பெரிய எழுத்து, சின்ன எழுத்தும் கணக்கு. விண்டோஸில் எழுதி லினக்ஸில் ஏற்றுகிறவர்கள் இதில்தான் இடறுவார்கள்.

‘குட் நாட் ஃபைண்ட் டிரைவர்’ என்றால் பிடிஓவின் (பிஎச்பியில் டேட்டாபேஸோடு இணைய இன்னொரு வழி) மைஎஸ்க்யூஎல் நீட்சி நிறுவப்படவில்லை. பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ‘மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்’ என்ற ஃபங்ஷனே இல்லை என்று வந்தால், அது 2015இல் வந்த பிஎச்பி 7.0இலேயே தூக்கப்பட்டுவிட்டது. ஸ்கிரிப்டை மாற்றத்தான் வேண்டும்.

2054 வந்தால், சர்வர் மைஎஸ்க்யூஎல் 8க்குப் போய்விட்டது, பிஎச்பி பழசு. புதிய சர்வரின் அடையாளம் பார்க்கும் முறையை பிஎச்பி 7.4 முதல்தான் முழுசாகப் புரிந்துகொள்கிறது. கணக்கைப் பழைய முறைக்கு மாற்றிச் சமாளிக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். மைஎஸ்க்யூஎல் 8.4இல் அந்த முறை அணைக்கப்பட்டே வருகிறது, 9.0இல் நீக்கியே விட்டார்கள். பிஎச்பியை ஏற்றுங்கள்.

வந்து வந்து போகிற பிழை

எப்போதும் வராமல், எப்போதாவது வரும் பிழைதான் கொடுமை. பகலில் வரும், இரவில் வராது. நீங்கள் பார்க்கும்போது வராது.

1040, ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’. மைஎஸ்க்யூஎல் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகள் இயல்பாக 151. சின்னத் தளத்துக்கு இது தாராளம். எட்டிவிட்டது என்றால் எங்கோ கசிகிறது. என் பழைய ஸ்கிரிப்ட் ஒன்றில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஆப்ஜெக்ட், ஒவ்வோர் ஆப்ஜெக்டும் பிறக்கும்போதே தனக்கென்று ஓர் இணைப்பைத் திறக்கும். பட்டியல் பக்கத்தில் 40 பொருள். ஒருவர் பக்கத்தைத் திறந்தால் 40 இணைப்பு, நான்கு பேர் சேர்ந்து திறந்தால் 160. தனியாக உட்கார்ந்து சோதித்த எனக்கு எப்படித் தெரியும்? இணைப்பை ஒரே இடத்தில் ஒரு முறை திறந்து எல்லோருக்கும் கொடுத்த பிறகு எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. ‘ஷோ பிராசஸ்லிஸ்ட்’ போட்டால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும். ‘ஸ்லீப்’ என்று வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தால் கசிவு, அல்லது வேலை முடிந்தும் மூடாமல் வைத்திருக்கும் பெர்சிஸ்டென்ட் இணைப்பு. எல்லாரும் ஏதாவது வினவலில் மாட்டிக்கொண்டு நின்றால் ஒரு மெதுவான வினவல் மற்றதையெல்லாம் அடைத்து நிற்கிறது. அதிகபட்ச எண்ணை 500 ஆக உயர்த்துவது வலி மாத்திரை மாதிரி. நினைவகத்தைத் தின்று முன்னே சொன்ன 2002க்குக் கொண்டுபோய்விடும்.

2006, ‘சர்வர் ஹேஸ் கான் அவே’. சர்வர் எங்கும் போகவில்லை, பேசாமல் இருந்த இணைப்பை வெட்டிவிட்டது. இயல்பாக 28,800 வினாடி, அதாவது எட்டு மணி நேரம் பொறுக்கும். பகிர்ந்த ஹோஸ்டிங்கில் இதை வெகுவாகக் குறைத்து வைத்திருப்பார்கள். டேட்டாபேஸிலிருந்து பட்டியலை எடுத்துவிட்டு, வெளியே எங்கோ பல நிமிடம் பேசிவிட்டு, திரும்பி வந்து எழுதப் பார்க்கும் கிரான் ஸ்கிரிப்டுகளுக்கு (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) இந்த வியாதி வரும். நீண்ட வேலைக்கு முன் இணைப்பை மூடுங்கள், பின் புதிதாகத் திறங்கள். அதே 2006, பெரிய படத்தையோ கோப்பையோ டேட்டாபேஸுக்குள் திணிக்கும்போது மட்டும் வந்தால் ‘மேக்ஸ்_அலவ்டு_பாக்கெட்’ எல்லையைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் சர்வரின் ‘அப்டைம்’ எத்தனை வினாடி என்று கேளுங்கள். நூறோ இருநூறோ என்றால் அது விழுந்து எழுந்து கொண்டிருக்கிறது.

1129 என்று வந்தால், உங்கள் ஹோஸ்டிலிருந்து அரைகுறையாக அறுந்த இணைப்பு முயற்சிகள் தொடர்ந்து வந்து எல்லை தாண்டிவிட்டன. இயல்பான எல்லை 100. ‘ஃப்ளஷ் ஹோஸ்ட்ஸ்’ தடையை நீக்கும்; மைஎஸ்க்யூஎல் 8.4இல் அந்தக் கட்டளையை எடுத்துவிட்டார்கள், அங்கே ‘ஹோஸ்ட்_கேஷ்’ அட்டவணையைக் காலி செய்ய வேண்டும். எது அப்படி அறுத்தது என்று பாருங்கள். என் ஊகம் எப்போதும் 3306 போர்ட்டைத் தட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் போகும் ஏதோ ஒரு கண்காணிப்புக் கருவி மீதுதான், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

எழுந்து நின்றதும்

சோதனை ஸ்கிரிப்டை அழியுங்கள். நான் ஒரு முறை மறந்து எட்டு மாதம் சர்வரில் விட்டிருக்கிறேன், யூசர் பெயரையும் பாஸ்வேர்டின் நீளத்தையும் கேட்பவர்க்கெல்லாம் சொல்லிக்கொண்டு. பிழையைத் திரையில் காட்டும் அமைப்பை அணைத்து, லாகில் எழுதும் அமைப்பை அப்படியே விடுங்கள். நடுவில் எப்போதாவது ஸ்டாக் டிரேஸ் திரையில் வந்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

‘மன்னிக்கவும்’ வாசகத்தை நான் எடுக்கவில்லை. அதற்குக் கீழே இப்போது ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதே எண் லாகில் உண்மையான செய்திக்குப் பக்கத்தில் இருக்கும். யாராவது கூப்பிட்டு ‘தளம் வேலை செய்யவில்லை’ என்றால், கீழே என்ன எண் இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.